செத்துப் பிழைத்த லியர் மன்னன்!

ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தைப் படித்துக் கண் கலங்காதவர்கள் அபூர்வம். கிழ அரசன் ஒருவன் தன் மூன்று பெண்களுக்கும் நாட்டைப் பங்கிட எண்ணுகிறான். "என் மீது யாருக்கு அன்பு அதிகம்?" என்று கேட்கிறான். மூத்தவர்கள் இருவரும் தேனொழுகப் பேசிப் பங்கு பெறுகிறார்கள். முகஸ்துதி அறியாத கடைக்குட்டி கார்டீலியாவை விரட்டி விடுகிறான். பிறகு, மூத்த பெண்களின் கொடுமையால் புயலிலும் மழையிலும் சித்தம் கலங்கி அலைகிறான். முடிவில், தூக்கிலிடப்பட்ட கார்டீலியாவின் உடலை ஏந்தியபடி வந்து, அவனும் உயிர் விடுகிறான்.

இரவல் கதை

இந்தக் கதை ஷேக்ஸ்பியரின் சொந்தச் சரக்கு அல்ல. ஏறத்தாழ 1136-ம் ஆண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி லத்தீனில் எழுதிய பிரிட்டிஷ் மன்னர் வரலாற்றிலேயே இது இருக்கிறது. 1594-ல் லண்டன் மேடையிலும் லியர் கதை நாடகமாக நடந்தது. அந்தப் பழைய நாடகம் 1605-ல் அச்சாயிற்று. வரலாறு, நாடகம் இரண்டிலுமே கார்டீலியாவும் அவள் கணவனும் படையுடன் வந்து உதவ, கிழவன் மறுபடியும் முடி சூடுகிறான்!

1606 டிசம்பர் 26 அன்று ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியர் நாடகத்தில் கதை தலைகீழாயிற்று. அரசனின் பைத்தியம், உடன் வரும் கோமாளி, கொடிய முடிவு எல்லாம் ஷேக்ஸ்பியர் சேர்த்தவை.

தாங்க முடியாத முடிவு

அந்த முடிவை ரசிகர்களால் தாங்க முடியவில்லை. 1681-ல் நஹும் டேட் என்ற கவிஞர் நாடகத்தைத் திருத்தினார். லியர் பிழைத்தான். கார்டீலியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கோமாளியோ மறைந்தே போனான்! பேரறிஞர் சாமுவேல் ஜான்சனே, கார்டீலியாவின் சாவைப் படித்து அதிர்ந்து, நாடகத்தைப் பதிப்பிக்க வேண்டி வந்தபோதுதான் கடைசிக் காட்சிகளை மறுபடி படித்தாராம்.

1823-ல் நடிகர் எட்மண்ட் கீன் சோக முடிவைத் துணிந்து மேடையேற்றினார். 1838-ல் மக்ரீடி என்ற நடிகர் கோமாளியையும் திரும்ப அழைத்து வந்தார்.

ஜப்பானில் லியர்

1985-ல் அகிரா குரோசவா எடுத்த 'ரான்' படத்தில் மூன்று பெண்கள் மூன்று ஆண்பிள்ளைகள் ஆனார்கள். ஓர் அம்பு ஒடியும், மூன்று சேர்ந்தால் ஒடியாது என்பது ஜப்பானில் வழங்கும் ஒற்றுமைக் கதை. படத்தில் இளையவன் மூன்றையும் முழங்காலில் வைத்து ஒடித்து விடுகிறான்! இவ்வளவு மாற்றியவரும் முடிவை மாற்றவில்லை. சமாதானமான பிறகு பிள்ளை சாகிறான், தகப்பனும் சாகிறான்.

மனம் திருந்தினால் இழந்ததெல்லாம் திரும்பும் என்றது பழைய கதை. திருந்திய பிறகும் சில இழப்புகள் திரும்பா என்றார் ஷேக்ஸ்பியர். மேடையில் நிலைத்தது அவர் சொன்னதே.