வலை இல்லாமல் பட்டாம்பூச்சி பிடிக்கலாம்

இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் மலாக்காவுக்கு வந்து பூச்சிகளைச் சேகரித்தார். இன்று குனோங் லேடாங் எனப்படும் ஓபிர் மலையிலும் ஏறினார். மறு ஆண்டு, சரவாக்கில் கிடைத்த கறுப்பும் பச்சையுமான பெரிய பட்டாம்பூச்சிக்கு அங்கே ஆண்ட ராஜா புரூக்கின் பெயரைச் சூட்டினார். அதுதான் இப்போது மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி. வலையில் பிடித்து, ஊசியில் குத்தி வைத்தால்தான் இனம் பிரிக்க முடிந்த காலம் அது. இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை ஒரு நல்ல படமே செய்துவிடும். பூச்சியும் உயிரோடு பறந்துபோகும்.

காலை வெயில் ஏறும் நேரமே படத்துக்கு ஏற்றது. பறப்பதற்கான தசைகள் சூடாக வேண்டும் என்பதால் பட்டாம்பூச்சிகள் அப்போது இறக்கையை விரித்து வெயில் காயும். ஈர மண்ணில் உப்புச்சத்து உறிஞ்சும் ஆண் பூச்சிகளும் வெகுநேரம் இடம் மாறுவதில்லை. மெதுவாக, தாழக் குனிந்து போகவேண்டும். நம் நிழல் மேலே விழுந்தால் போச்சு, பறந்துவிடும்.

100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருந்தால் சற்றுத் தள்ளி நின்றே எடுக்கலாம். ஆனால் அவ்வளவு நெருக்கக் காட்சியில் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும். அதனால் மூடிய இறக்கையைப் பக்கவாட்டிலிருந்தும், விரித்ததை மேலிருந்தும், கேமரா இறக்கைக்கு இணையாக இருக்கும்படி எடுக்கவேண்டும்.

இறக்கையின் அழகில் மயங்கி உடலை விட்டுவிடக்கூடாது. ரோஜா அழகி என்னும் பட்டாம்பூச்சியின் புழு நச்சுள்ள கொடிகளைத் தின்று வளர்வதால் பறவைகள் அந்தப் பூச்சியைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகி என்னும் இன்னொரு இனத்தின் பெண்களில் ஒரு வகை, அதே இறக்கைக் கோலத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. உடல் சிவந்திருந்தால் ரோஜா அழகி, கறுத்திருந்தால் வேடதாரி. படத்தில் உடல் தெரிந்தால்தான் இது புலப்படும்.

அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பவர்களும் உண்டு. அது கொடுமை, தேவையும் இல்லை. மலாக்காவின் பாயா ரும்புட்டில் வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வளர்ப்பவர்கள், இலையில் பறவை எச்சம் போல ஒரு புழுவைக் கண்டால் மருந்து அடிக்காமல் விடுங்கள். அது பச்சைப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஒருநாள் பட்டாம்பூச்சியாக வெளியே வரும். இறக்கை விரிந்து உலரும்வரை அதனால் பறக்க முடியாது. கைப்பேசியிலேயே நிதானமாகப் படம் எடுக்கலாம்.