வாளும் அரிவாளும் சுங்கத்தில் ஒன்றல்ல

குன்றத்தூரைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் ஆலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு. இவற்றை நம்பிச் சிறிதும் பெரிதுமாக உதிரிபாகத் தொழிற்சாலைகள். வெட்டும் பொருள் இல்லாமல் இந்த வட்டாரத்தில் ஒரு ஷிஃப்ட்கூட ஓடாது. கார் கதவாகப் போகிற எஃகுத் தகடு முதலில் பெரிய சுருளாக வரும். அதை நீளவாக்கில் கிழிப்பது ஸ்லிட்டர் இயந்திரம். எதிரெதிர் சுழலும் வட்ட பிளேடுகளுக்கு நடுவே எஃகு காகிதம்போலப் பிரிந்து போகும்.

இவ்வளவு கூர்மையான பிளேடு வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்போது, சுங்க அட்டவணையில் அது ஆயுதம் இல்லை. 8208 என்ற தலைப்பில் வரும் இயந்திரக் கத்தி. நாடக மேடைக்கென்று எஃகில் செய்த, முனை மழுங்கிய வாள் அதே துறைமுகத்துக்கு வந்தால், அது 9307. அதாவது ஆயுதம்.

முரண்பாடுபோலத் தோன்றும் இந்தப் பிரிவினைக்குப் பின்னால் தெளிவான சிந்தனை இருக்கிறது. அது புரியாமல் இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியோ ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லோ போட்டால் சரக்கு முடங்கும், அபராதம் வரும், பறிமுதல்வரைகூடப் போகும்.

ஒரே எஃகு, பல தலைப்புகள்

சரக்குகளை வகைப்படுத்த, பிரஸ்ஸல்ஸில் இயங்கும் உலக சுங்க அமைப்பு உருவாக்கிய ஹெச்.எஸ். அட்டவணை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் ஆறு இலக்கங்கள் உலகுக்குப் பொது. இந்தியாவில் எட்டு இலக்கம். 82ஆம் அத்தியாயம் கருவிகளுக்கு, 93ஆம் அத்தியாயம் ஆயுதங்களுக்கு.

மண்வெட்டி, கோடரி, அரிவாள் போன்ற கைக்கருவிகள் 8201இல் வரும். சமையலறைக் கத்தியும் வேட்டைக் கத்தியும் 8211. கத்தரிக்கோல் 8213. வாள், துப்பாக்கிமுனை ஈட்டி, குத்துவாள் ஆகியவற்றோடு அவற்றின் உறைகளும் 9307. கைத்தடிக்குள் ஒளித்த வாளைக் கைத்தடி என்று சொல்லி நுழைக்க முடியாது. கைத்தடிகளுக்கான 66ஆம் அத்தியாயத்தின் குறிப்பே அதை 93க்கு அனுப்பிவிடும்.

கூர்மையோ நீளமோ இந்தப் பிரிவினைக்கு அளவுகோல் இல்லை. ஒரு பொருள் எந்த வேலைக்கான வடிவில் செய்யப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி. வாளாகச் செய்ததைச் சுவரில் அலங்காரமாக மாட்டினாலும் அது வாளே. வாங்குகிறவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அட்டவணை கேட்பதில்லை.

விளையாட்டுக்கு மட்டும் தனி வழி உண்டு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், வாள்வீச்சில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வீராங்கனையாகக் களமிறங்கினார் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி. முதல் சுற்றில் துனிசியாவின் நாடியா பென் அசீஸியை 15-3 என்று வென்றார். அவர் கையில் இருந்த சேபர் வகை வாளின் பிறப்பு போர்க்களத்தில்தான். ஆனால் இன்றைய வாள்வீச்சு சேபர் போட்டிக்காகவே வடிவமைத்தது. எனவே 93ஆம் அத்தியாயம் அதை வெளியே நிறுத்தி, விளையாட்டுப் பொருட்களுக்கான 9506க்கு வழிவிடுகிறது.

ஒன்பது அங்குலக் கோடு

ஹெச்.எஸ். எண்ணைச் சரியாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தனியாக நிற்கிறது. ஆயுதங்களை ஏற்றுமதி, இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும் என்கிறது அதன் 10ஆவது பிரிவு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்தி போன்றவற்றையும் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக, 8211இல் அடங்கும் நீண்ட வேட்டைக் கத்தி ஆயுதச் சட்டத்தில் சிக்கலாம். ஒரு சட்டத்தில் கிடைத்த பதிலை இன்னொரு சட்டத்துக்குக் காட்ட முடியாது.

இந்த விலக்கை நம்பித்தான் நம் கொல்லர்கள் பிழைக்கிறார்கள். அரிவாளுக்குப் பேர்போன ஊர் சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தி. லாரியின் ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, மூக்கை வளைத்து, தோய்ச்சல் கொடுத்து எடுக்கிற அரிவாள் நிச்சயம் 9 அங்குலத்தைத் தாண்டும். ஆனாலும் அது கருவேலம் வெட்ட, தென்னை மட்டை கழிக்க, இளநீர் சீவ என்று செய்த கருவி. கொலைவழக்குச் செய்திகளில் அதன் பெயர் அடிபடுவதால் கருவி ஆயுதமாகிவிடாது.

அதே பட்டறையில் கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக ஆள் உயர அரிவாளும் அடிக்கிறார்கள். அதைக்கொண்டு எந்த மரத்தையும் வெட்டப் போவதில்லை. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள கோயிலுக்கு அதை அனுப்பினால் விவசாயக் கருவி என்று எழுதுவதா, வாளுக்கு ஒப்பான ஆயுதம் என்று எழுதுவதா? பொருளின் வடிவம், அளவு, வெட்டுவாய் தீட்டப்பட்டதா இல்லையா, எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "இரும்புச் சாமான்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்புவதுதான் வம்பை விலைக்கு வாங்கும் வழி.

நூறாண்டுப் பழமை

வயதும் வகையை மாற்றும். நூறு ஆண்டுகளைத் தாண்டிய வாள் 9706இல் தொல்பொருளாக வரும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. பழமைத் தோற்றத்தில் புதிதாகச் செய்த வாளுக்கு, அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

இந்தக் கெடுபிடி தேவையானது. 1855இல் தஞ்சை மராட்டிய அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபின் அரண்மனை ஆயுதக்கிடங்கு கலைந்தது. ஒரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தஞ்சைக் கட்டாரிகள் சில நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம்வரை போயிருக்கின்றன. 2025இல் மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லேயின் வாளை லண்டன் ஏலத்தில் மகாராஷ்டிர அரசு காசு கொடுத்துத்தான் மீட்டது.

முன்கூட்டியே கேட்கலாம்

சந்தேகம் இருந்தால் சரக்கை ஏற்றும் முன்பே பதில் பெற வழி இருக்கிறது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின்கீழ் டெல்லியிலும் மும்பையிலும் முன்தீர்ப்பு ஆணையங்கள் இயங்குகின்றன. பொருளை விவரித்து விண்ணப்பித்தால் எந்தத் தலைப்பு என்று தீர்ப்புத் தருவார்கள். அது விண்ணப்பித்தவரையும் சுங்கத் துறையையும் கட்டுப்படுத்தும்.

ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு இதைக் கவனிக்க சுங்க முகவரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். திருப்பாச்சேத்திப் பட்டறைக்கு யார் இருக்கிறார்கள்? சென்னை சுங்க இல்லமும் மாவட்டத் தொழில் மையங்களும் சேர்ந்து தமிழில் ஒரு சிறு கையேடு போடலாம். படத்தோடு, இந்த வகை அரிவாளுக்கு இந்தத் தலைப்பு, இந்த அளவுக்கு மேல் இந்தச் சான்று என்று அதில் இருந்தால் போதும். நேர்மையாக உழைக்கும் கொல்லர், தான் செய்தது கருவி என்பதை உலகச் சந்தையில் நிரூபிக்க அந்த ஒரு புத்தகம் உதவும். அதைக் கேட்டு வாங்குவது அவர் உரிமை.