கணிப்பொறிக்கும் காய்ச்சல் வரும்!

பிள்ளைகளின் பாடங்களும் கடைக் கணக்கும் ஒரே கணிப்பொறியில் அடங்கியிருக்கும் இல்லங்கள் பல. அது நடுவே திடீரென அணைந்தால் புதியது வாங்க விரைய வேண்டாம். முதலில் அதன் காய்ச்சலை அளந்து பாருங்கள்.

இயந்திரம் துவங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பயாஸ் பக்கம் திறக்கும். பெரும்பாலும் அங்கேயே புராசஸரின் வெப்பநிலை காணப்படும். வேலை ஏதுமின்றியே அது 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுமானால் குளிர்விக்கும் அமைப்பில் குறை உண்டு. இன்றைய புராசஸர்கள் பலவும் 95 அல்லது 100 டிகிரியை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். வெப்பம் மேலும் ஏறினால் இயந்திரம் அணைந்துவிடும். வெப்பம் இயல்பாக இருந்தும் அணைகிறதெனில், மின்வழங்கியைச் சோதிப்பதே முறை.

பெட்டியைத் திறந்து விசிறி சுழல்கிறதா எனக் காணுங்கள். பின்னர் மின் இணைப்பைத் துண்டித்து, விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள். பல ஆண்டு உழைத்த இயந்திரமாயின், ஹீட் சிங்கிற்கு அடியிலுள்ள பசை உலர்ந்திருக்கக் கூடும். பழையதைத் துடைத்துப் பட்டாணியளவு புதுப் பசை இட்டால் போதும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வீண் விரயத்தை விலக்கியது நம் மார்க்கம். தூரிகையால் தீரும் குறைக்குப் புதுப் பொறி வாங்குவதும் விரயமே அன்றோ?