டீசல் தருவதற்காக உருவாக்கிய ஈஸ்ட், ஃபேஸ் சீரத்துக்கு வந்த கதை!

ஸ்கின்கேர் பழக்கம் உள்ளவரா நீங்கள்? அலமாரியில் இருக்கும் சீரம் அல்லது மாய்ஸ்சரைசர் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். அதில் ‘ஸ்குவாலேன்’ என்ற பெயர் இருக்க வாய்ப்புண்டு. ஒரு காலத்தில் இது பெரும்பாலும் சுறா மீனின் கல்லீரல் எண்ணெயிலிருந்து வந்தது. ஆலிவ் எண்ணெயிலிருந்தும் எடுத்தார்கள். இப்போது சந்தைக்கு வருவதில் ஒரு பகுதி, பிரேசில் கரும்புச் சாற்றில் வளர்ந்த ஈஸ்ட்டின் தயாரிப்பு.

இதில் சுவாரசியம் என்னன்னா, அந்த ஈஸ்ட்டை உருவாக்கியவர்கள் மனதில் இருந்தது முகப்பளபளப்பு இல்லை, டீசல். அந்தத் தொழில்நுட்பம் தொடங்கியதோ மலேரியா மருந்தில். மருந்திலிருந்து டீசலுக்கும், டீசலிலிருந்து மேக்கப் மேசைக்கும் ஏன் இந்தப் பயணம்? நுண்ணுயிர்களை வைத்து எரிபொருள் செய்யலாம் என்ற கனவு எங்கே ஜெயிக்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பது இதில் புரிந்துவிடும்.

ஈஸ்ட் எப்படி ஃபேக்டரி ஆகிறது?

ஈஸ்ட்டுக்கு சர்க்கரை கொடுத்தால் எத்தனால் தரும். பங்க்கில் நாம போடும் இ20 பெட்ரோலில் இருக்கும் 20 சதவீத எத்தனாலும், கரும்பு அல்லது மக்காச்சோளம், அரிசி போன்ற தானியங்களை ஈஸ்ட் நொதிக்கவைத்துக் கிடைப்பதுதான். இது அதன் இயல்பான வேலை.

செல்லுக்குள் ஒவ்வொரு வேதிமாற்றத்தையும் ஒரு நொதி செய்கிறது. அந்த நொதியை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. வேறொரு தாவரத்தின் மரபணுவை எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்தால், அந்தத் தாவரத்தின் நொதியை ஈஸ்ட்டே செய்யும். இப்படிப் பல நொதிகளை வரிசையாகச் சேர்த்தால், ஈஸ்ட் இதுவரை செய்யாத ஒரு பொருள் கடைசியில் வெளியே வரும்.

இது புதுசு இல்லை. மனித இன்சுலின் மரபணுவை இ.கோலி பாக்டீரியாவுக்குள் வைத்து 1978-இல் இன்சுலின் செய்தார்கள். 1982-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள்.

முதல் வெற்றியும் முதல் அடியும்

மலேரியாவுக்கு இன்றைய முக்கிய மருந்து ஆர்ட்டிமிசினின். இதைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தின் மூலம் ஆர்ட்டிமிசியா என்ற செடி. சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்காவில் விவசாயிகள் பயிரிடுகிறார்கள். விதைத்ததிலிருந்து மருந்தாகக் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒரு வருடம் தட்டுப்பாடு வந்து விலை எகிறும். அதைப் பார்த்து எல்லோரும் பயிரிட, அடுத்த வருடம் விலை விழும். நம்ம ஊர் வெங்காயம், தக்காளி கதைதான்.

கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே கீஸ்லிங் இதற்கு ஈஸ்ட்டில் தீர்வு தேடினார். 2004-இல் கேட்ஸ் அறக்கட்டளை 4.26 கோடி டாலர் கொடுத்தது. கீஸ்லிங்கின் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய அமைரிஸ் நிறுவனமும் சேர்ந்து உழைத்தது. 2013-இல் ஒரு லிட்டர் ஈஸ்ட் கரைசலில் 25 கிராம் ஆர்ட்டிமிசினிக் அமிலம் கிடைத்தது. அதிலிருந்து சில வேதி மாற்றங்களில் மருந்து செய்துவிடலாம். சனோஃபி நிறுவனம் இத்தாலியில் உள்ள ஆலையில் உற்பத்தியையும் தொடங்கியது. உலகத் தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தரக்கூடிய ஆலை அது.

அப்புறம் என்ன ஆச்சு? 2015-இல் அந்த ஆலை ஒரு கிராம்கூட ஆர்ட்டிமிசினின் தயாரிக்கவில்லை. லாபம் இல்லாமல் விற்றாலே கிலோ 350 முதல் 400 டாலர் வரை வரும். செடியிலிருந்து எடுத்ததோ அப்போது 250 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அறிவியல் ஜெயித்தது, கணக்கு தோற்றது. ஆலை வேறு கைக்குப் போனது. செடி பயிரிட்ட விவசாயிகள் பிழைத்தார்கள், ஆனால் அந்தக் குறைந்த விலையால் அவர்களுக்கும் பெரிதாக லாபம் இல்லை.

டீசல் கனவு ஏன் கைகூடவில்லை?

இதற்கிடையே அமைரிஸ் அதே நுட்பத்தை எரிபொருள் பக்கம் திருப்பியது. ஈஸ்ட்டை மாற்றி, ‘ஃபார்னெசீன்’ என்ற எண்ணெய் போன்ற பொருளைச் செய்யவைத்தார்கள். இதில் ஹைட்ரஜன் சேர்த்தால் டீசல் இன்ஜினில் ஓடும். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரப் பேருந்துகள் இதைக் கலந்து ஓடின. 2014-இல் விமான எரிபொருளில் 10 சதவீதம் வரை கலக்கவும் அனுமதி கிடைத்தது. பொருளின் தரத்தில் குறை இல்லை.

பிரச்சினை சர்க்கரையிலேயே இருந்தது. குளுக்கோஸின் எடையில் பாதிக்கு மேல் ஆக்சிஜன். டீசலில் ஆக்சிஜன் கிடையாது. ஆகவே ஈஸ்ட் அந்த ஆக்சிஜனை எப்படியாவது கழிக்க வேண்டும். கழிக்கும்போது கார்பனும் கரியமில வாயுவாகப் போய்விடும். எத்தனாலில் கொஞ்சம் ஆக்சிஜன் அப்படியே தங்குவதால் 1 கிலோ குளுக்கோஸுக்கு அதிகபட்சம் 511 கிராம் கிடைக்கும். ஃபார்னெசீனுக்கு, ஈஸ்ட்டின் இயல்பான பாதையில், காகிதக் கணக்கிலேயே கால் கிலோதான் தேறும்.

அதாவது ஒரு லிட்டர் டீசலுக்குக் குறைந்தது சுமார் 3 கிலோ சர்க்கரை. மளிகைக் கடை விலையில் போட்டுப் பாருங்கள், பங்க் விலையைத் தாண்டிவிடும். ஆலைக்குக் கரும்புச் சாறு மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் தொட்டி, மின்சாரம், பிரித்தெடுக்கும் செலவு எல்லாம் இதற்கு மேல். எதிரில் நிற்பதோ நிலத்தடியிலிருந்து அப்படியே எடுக்கும் கச்சா எண்ணெய். 2014-இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த அது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது.

2012-லேயே அமைரிஸ் தன் உற்பத்தி இலக்குகளை ஓரம் கட்டிவிட்டு, விலை அதிகம் கிடைக்கும் பொருள்களின் பக்கம் திரும்பியது. இரண்டு ஃபார்னெசீன் மூலக்கூறுகளை இணைத்து ஹைட்ரஜன் சேர்த்தால் ஸ்குவாலேன். டீசலை லிட்டர் கணக்கில் விற்கணும், சீரத்தைச் சொட்டுக் கணக்கில் விற்கலாம். ஆனாலும் கடன் சுமையில் சிக்கிய நிறுவனம் 2023 ஆகஸ்ட்டில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. நல்ல ஈஸ்ட் இருந்தால் மட்டும் கம்பெனி பிழைக்காது!

அப்போ இந்தத் துறை முடிந்ததா?

இல்லை. இடம்தான் மாறுகிறது. சீஸ் செய்யத் தேவைப்படும் ரென்னெட் நொதியைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த காலம் போய், அமெரிக்காவில் 1990 முதலே நுண்ணுயிர் தயாரித்ததும் பயன்பாட்டில் இருக்கிறது. எரிபொருளில் சிலர் சர்க்கரையையே விட்டுவிட்டார்கள். லான்ஸாடெக் நிறுவனத்தின் பாக்டீரியா, இரும்பாலைப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடைத் தின்று எத்தனால் தருகிறது. சீனாவில் 2018 முதல் இது வணிக அளவில் நடக்கிறது.

இந்தியாவும் களத்தில் இருக்கிறது. நுண்ணுயிர் வழி ரசாயனங்கள், நொதிகள் உள்ளிட்ட உற்பத்தியை ஊக்குவிக்கும் ‘பயோஇ3’ கொள்கைக்கு 2024 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இனி ‘பாக்டீரியாவிலிருந்து பெட்ரோல்’ வகைச் செய்திகள் உங்கள் ஃபோனுக்கு அடிக்கடி வரும். பங்கு வாங்கத் தோன்றலாம், வேலைக்கு விண்ணப்பிக்கவும் தோன்றலாம். அதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

அந்த நுண்ணுயிர் எதைத் தின்கிறது, அதன் விலை என்ன? ஒரு கிலோ தீனிக்கு எவ்வளவு பொருள் தருகிறது? அந்தப் பொருள் சந்தையில் எதோடு மோதுகிறது?

செய்தியில் மூன்றுக்கும் எண்ணில் பதில் இருந்தால் மேலே படியுங்கள். ‘ஆய்வகத்தில் சாதித்தார்கள்’ என்று மட்டும் இருந்தால், இத்தாலியில் சும்மா கிடந்த அந்த ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள்.