பழைய வேட்டைத் துப்பாக்கியும் அதற்குரிய தோட்டாவும்

குமாவோன் மலைநாட்டுச் சம்பாவத்தில் 436 மனித உயிர்களைக் குடித்ததாகக் கணக்கிடப்பெற்ற பெண்புலியை ஜிம் கார்பெட் 1907ஆம் ஆண்டில் வீழ்த்தினார். அன்று அவரிடமிருந்த ரைஃபிளுக்குத் தோட்டாக்கள் மூன்றே. அவை தீர்ந்தபின் தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கிச் சுட நேர்ந்தது. அதன் குழலுக்கும் பின்னடைப்புக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது; வெடிவாயு பின்னோக்கிப் பீறிட்டால் கண் போய்விடும். புலி ஒருபுறம், துப்பாக்கி மறுபுறம் என இரண்டுக்கும் அஞ்ச வேண்டிய நிலை!

அச்செயலுக்குப் பரிசாக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு அளித்தது, இலண்டன் ரிக்பி நிறுவனத்தார் செய்த 0.275 ரைஃபிள். மவுசர் பொறியமைப்பும் வால்நட் மரக்கட்டையும் கட்டையில் பதித்த வெள்ளித் தகடும் கொண்டது. ஆயினும் அணியழகினும் அதன் எடைப்பொருத்தமே நம்மை வியக்க வைப்பது. 1930இல் சௌகர் புலி எதிர்ப்பட்டபோது இடக்கையில் பறவை முட்டைகளை ஏந்தியவாறே, வலக்கை ஒன்றினாலேயே கார்பெட் இத்துப்பாக்கியை இயக்கினார். கைக்கு அடங்கி நிற்பதே நல்ல கருவியின் இலக்கணம் எனலாம்.

இனித் தோட்டாவுக்கு வருவோம். இங்குதான் பெயர்கள் நம்மை ஏமாற்றுகின்றன. ‘0.275 ரிக்பி’ என்பது ஜெர்மானியரின் 7×57 மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் இட்ட மறுபெயரே. ஆனால் ‘0.275 ஹாலந்து மேக்னம்’ முற்றிலும் வேறு தோட்டா. எண் ஒன்றாயிருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

இதனினும் கொடியது மருந்தின் வேறுபாடு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை கருமருந்தே வழங்கியது. பின்னர்ப் புகையற்ற கார்டைட் வந்தது. (நம் நீலகிரி அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பெற்ற தொழிற்சாலை இம்மருந்தின் பெயராலேயே அழைக்கப்படுவதை அன்பர்கள் அறிவர்.) கருமருந்தினும் கார்டைட் மிக உயர்ந்த அழுத்தம் தருவது. 0.500 அங்குலத் துப்பாக்கிகளில் கருமருந்துக்குரியவை, அளவு குறைத்த கார்டைட்டுக்குரியவை, முழு ஆற்றல் கார்டைட்டுக்குரியவை என மூவகை உண்டு. ஒரே நீளமுடைய பித்தளைக்கூடு இம்மூன்றிலும் நுழைந்துவிடும்! நுழைவதனாலேயே பொருந்துவதாகக் கொண்டு, கருமருந்துக் குழலில் முழு ஆற்றல் தோட்டாவை வைத்துச் சுட்டால் குழல் பிளக்கும். சுடுவோர் கை சிதையும்.

அங்ஙனமாயின் உரிய தோட்டாவை அறிவது எவ்வாறு? குழலின் அடிப்புறத்தைக் காண வேண்டும். இலண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகள் ஒவ்வொரு குழலையும் மிகை அழுத்தத்தில் சோதித்து, அது தாங்கும் மருந்தின் வகையையும் பொதுவாகப் பொறித்திருக்கும். அப்பொறிப்பே சான்று, கடைக்காரர் வாய்மொழி சான்றன்று. பொறிப்பு தேய்ந்திருந்தாலோ, குழல் பிற்காலத்தில் குடையப்பட்டிருந்தாலோ, தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் தோட்டா அறையை அச்செடுத்து அளந்து சொல்லும்வரை சுடலாகாது. இரட்டைக்குழல் ரைஃபிளில் இன்னொரு நுட்பமும் உண்டு: குறிப்பிட்ட குண்டெடைக்கும் விரைவுக்கும் ஏற்பவே இரு குழல்களும் ஒரே இலக்கில் கூடுமாறு இணைக்கப்பெற்றிருக்கும். குண்டு மாறினால் குறியும் சிதறும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் நம் நாட்டில் விளையாட்டு வேட்டைக்கு இடமில்லை. பாட்டனார் துப்பாக்கியைப் போற்றி வைத்திருப்பதற்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அத்துடன் கிடைக்கும் பழந்தோட்டாக்களில் பச்சை பூத்தவையும் கழுத்து வெடித்தவையும் சுடுவதற்கு ஆகா. அவற்றைப் பிரித்துப் பார்க்கவும் முயலாமல், காவல் நிலையத்திற்குத் தெரிவித்து ஒப்படைத்தலே முறை.