ஆங்கிலத்தில் 'ங்க' எங்கே?



பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் பேனா கேட்கிறீர்கள். 'பேனா கொடு' என்பீர்களா? மாட்டீர்கள். 'கொடுங்க தாத்தா' என்பீர்கள். அந்த ஒரு 'ங்க'வில் மரியாதை வந்து விடுகிறது.

ஆங்கில வினைச்சொல்லில் இப்படி ஒட்டிக்கொள்ள 'ங்க' கிடையாது. தம்பிக்கும் 'யூ', தாத்தாவுக்கும் 'யூ'தான். முற்காலத்தில் 'நீ' என்பதற்கு 'தௌ' என்றும், 'நீங்கள்' என்பதற்கு 'யூ' என்றும் சொன்னார்கள். 17ம் நூற்றாண்டுக்குப் பின், அன்றாடப் பேச்சில் 'தௌ' பெரும்பாலும் மறைந்து, எல்லாருக்கும் 'யூ' ஆகி விட்டது.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளிக்கு வந்த விருந்தினர் ஒருவரிடம், 'சிட் டவுன்' என்றேன். வகுப்பில் தினமும் சொல்லிப் பழகிய வார்த்தை! 'உட்காருங்கள்' என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் காதிலோ, 'உட்கார்' என்று விழுந்தது. முகம் மாறி விட்டது. 'ப்ளீஸ் ஹேவ் எ சீட்' என்றிருக்க வேண்டும். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கம்தான்.

அப்படியானால், 'ங்க'வை எங்கே வைப்பது? கட்டளையைக் கேள்வியாக மாற்றுங்கள்!

'கிவ் மீ யுவர் பென்' வேண்டாம். 'குட் யூ ப்ளீஸ் லெண்ட் மீ யுவர் பென்?' என்று கேளுங்கள். 'பேனாவைக் கொஞ்சம் இரவல் தருவீர்களா?' என்று பொருள்.

வழி கேட்க: 'எக்ஸ்க்யூஸ் மீ, குட் யூ டெல் மீ த வே டு த பஸ் ஸ்டாண்ட்?'

அனுமதி கேட்க: 'மே ஐ டிரிங்க் சம் வாட்டர்?'

'குட்' இறந்தகாலச் சொல் என்று படித்திருப்பீர்கள். இங்கே அது காலத்தைக் காட்டவில்லை, பணிவைக் காட்டுகிறது. நண்பனிடம் 'கேன் யூ' போதும்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?' என்று ஒருவர் கேட்கிறார். ஜன்னலைத் திறக்க நீங்கள் தயார். 'எஸ்' என்றால் தப்பு! 'திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்பதே கேள்வி. எனவே, 'நோ, நாட் அட் ஆல்' என்று சொல்லித் திறந்து விடுங்கள்.

உதவி செய்ய முன்வரும்போதும் கேள்விதான். 'மே ஐ ஹெல்ப் யூ?', 'ஷல் ஐ கேரி யுவர் பேக்?', 'வுட் யூ லைக் சம் வாட்டர்?' என்று கேட்கலாம். கேட்டு விட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். இது மிக முக்கியம். பார்வையற்ற ஒருவர் சாலையோரம் நின்றால், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் பஸ்சுக்காக நிற்கலாம் அல்லவா? 'நோ, தேங்க்யூ' என்றால், புன்னகையோடு விலகுங்கள்.

உதவி கிடைத்தால், 'தேங்க்யூ.' உங்களுக்கு யாராவது நன்றி சொன்னால், 'யூ ஆர் வெல்கம்.'

இந்தப் பணிவெல்லாம் தேவைப்படாத இடமும் ஒன்று உண்டு. ஆபத்தில் சிக்கினால், 'குட் யூ', 'ப்ளீஸ்' என்று யோசிக்காதீர்கள். 'ஹெல்ப்!' என்று உரக்கக் கத்துங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சரி, வீட்டுப்பாடம்! 'கிவ் மீ' என்று தொடங்கும் ஐந்து வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் 'ங்க' சேருங்கள் பார்ப்போம்!