உங்களுக்குத் தெரியுமா? குட்டைப் பல்லின் சூட்சுமம்!

புதுக்கோட்டை மாவட்டம் கட்டுமாவடி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேடு கிடையாது; கியர் இல்லாத சைக்கிளே போதும். ஆனாலும் பிள்ளைகள் கியர் சைக்கிள்தான் கேட்கிறார்கள். வாங்கியதும் பெடலை ஒட்டிய பல்சக்கரத்தைப் பாருங்கள். சில பற்கள் குட்டை, சில பற்கள் ஒரு பக்கம் சீவியவை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லவே இல்லை!

● எல்லாப் பல்லும் ஒரே உயரமாக இருந்தால், கியர் மாற்றும்போது செயினைப் பல்சக்கரம் எளிதில் விடாது. உயரம் குறைந்த பல்தான் செயின் வெளியேறும் வாசல்.

● சிறிய பல்சக்கரத்திலிருந்து பெரியதுக்கு ஏறப் படிக்கட்டும் உண்டு. பெரிய சக்கரத்தின் உட்புறத்தில் சின்னச் சின்ன ஆணிகளும் சரிவுகளும் இருக்கும். அவை செயினைத் தாங்கித் தூக்கிப் பல்லில் உட்கார வைக்கும்.

● பெடல்கள் நேர் மேலும் கீழுமாக நிற்கும்போது காலின் அழுத்தம் குறைவு. செயின் அந்த நேரத்தில் மாறுவதற்குத் தோதாகவே குட்டைப் பற்களுக்கு இடம் குறிக்கிறார்கள். பல்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் கணக்கு தப்பிவிடும்.

● பின்னால் உள்ள பல்சக்கரங்களிலும் இந்த வித்தை உண்டு. 1989-ல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்த 'ஹைப்பர்கிளைடு' பற்களில், செயின் பழைய சக்கரத்தை முழுதாக விடும் முன்பே புதியதைப் பிடித்துக்கொள்ளும்.

● செயின் கழலவே கூடாது என்றால்? ஒரு பல் தடிமன், அடுத்தது மெலிசு. செயினின் கண்ணிகளும் அகலம், குறுகல் என்று மாறி மாறி வருவதால் கச்சிதமாகப் பொருந்தும். முன்னால் ஒரே பல்சக்கரம் கொண்ட மலைப்பாதை சைக்கிள்களுக்காக 2012-ல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. இதில் பற்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும்.

● 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அப்போது ஆட்சியர் ஷீலாராணி சுங்கத். அன்றைய சாதாரண சைக்கிளுக்கு முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று. செயின் இடம் மாறாததால் பற்களில் ஏற்றத்தாழ்வு தேவைப்படவில்லை.

● முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரமானால் 5 மீட்டருக்கு மேல் போய்விடலாம்.

● சைக்கிள் செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். 24 இடைவெளிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடினால் செயின் தேய்ந்து, பல்லையும் தின்றிருக்கும்.

கடைசியாக ஒன்று: குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் பல் குட்டையாக இருந்தால் அது வடிவமைப்பு. எல்லாப் பல்லும் சுறாத் துடுப்பு போல ஒரே பக்கம் வளைந்திருந்தால் அது தேய்மானம். உப்புக்காற்று அடிக்கும் ஊர்க்காரர்களே, செயினைத் துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் மணல் ஒட்டும், பல் போகும்!